சமையலறையின் ஐந்தொகை

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க வருவோரிடம் மாதாந்திரச் செலவு குறித்து நாங்கள் கேட்பதுண்டு. வாடகை எவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எவ்வளவு, காப்பீட்டுத் தவணை எவ்வளவு என்பதையெல்லாம் ரூபாய் பிசகாமல் சொல்வார்கள். உணவுக்கு என்று வரும்போது மட்டும் பேனா சற்றுத் தயங்கும். பிறகு பத்தாயிரம் என்றோ பதினைந்தாயிரம் என்றோ ஒரு முழு எண் விழும். வீட்டின் மிகப் பெரிய செலவு எதுவோ அதற்குத்தான் கணக்கே இல்லாதிருக்கிறது. காரணம் எளியது. வாடகை மாதத்திற்கு ஒரு முறை போகிறது. உணவுச் செலவோ பால் உறையாக, கொத்துமல்லிக் கட்டாக, மாலை நேரச் சமோசாவாக நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சிறுகச் சிறுகப் போகிறது.

நம்மிடம் கணக்கில்லை என்றாலும் அரசிடம் இருக்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2023-24ஆம் ஆண்டில் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்திய நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். ஊரகங்களில் 4,122 ரூபாய். இதில் உணவுக்குச் செல்வது நகரத்தில் 39.68 விழுக்காடு, ஊரகத்தில் 47.04 விழுக்காடு. நால்வர் கொண்ட நகர்ப்புறக் குடும்பத்திற்குப் பெருக்கிப் பார்த்தால் மாதம் சுமார் 28,000 ரூபாய்ச் செலவில் 11,100 ரூபாய் உணவுக்கானது.

இதே ஆய்வில் நம் கவனத்திற்குரிய மற்றொரு வரியும் உண்டு. உணவுச் செலவினங்களுள் முதலிடம் பெறுவது அரிசியோ கோதுமையோ அன்று. பாலும் காய்கறியும்கூட அன்று. பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவுகள், சமைத்து விற்கப்படும் சாப்பாடு ஆகியவை சேர்ந்த தொகுதிதான் அது. நகரத்தில் மொத்தச் செலவில் 11.09 விழுக்காடும், ஊரகத்தில் 9.84 விழுக்காடும் அதற்குப் போகின்றன. மேலே சொன்ன நால்வர் குடும்பத்திற்கு இது மாதம் 3,100 ரூபாய். சிக்கனம் என்றவுடன் பால் அளவைக் குறைப்பது, பருப்பை நீர்க்கச் செய்வது என்று நினைவுக்கு வருவது நம் வழக்கம். தொடவேண்டிய இடம் அதுவன்று என்று இந்த எண்கள் தெளிவாகச் சொல்கின்றன. வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பருப்பு, பால், முட்டை, கீரை ஆகியவற்றைக் குறைத்து மிச்சம் பிடிப்பது பின்னாளில் மருத்துவச் செலவாகத் திரும்பி வரும் மிச்சம். தவறான உணவுமுறையே இந்தியாவின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 விழுக்காட்டுக்குக் காரணம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி மதிப்பிடுகிறது.

காய்கறி விலைக்கும் நம் கடன் தவணைக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் அளிக்கப்பட்ட எடை 45.86 விழுக்காடு, அதில் காய்கறிக்கு மட்டும் 6.04 விழுக்காடு. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது காய்கறிப் பணவீக்கம் 37 விழுக்காட்டைத் தாண்டியது. பொதுப் பணவீக்கம் 7.44 விழுக்காட்டிற்கு ஏறியது. தில்லியில் அரசுக் கூட்டுறவு அமைப்பே வாகனங்களில் தக்காளியைக் கொண்டுவந்து மானிய விலையில் விற்க நேர்ந்தது. 2024 அக்டோபரில் மீண்டும் காய்கறிப் பணவீக்கம் 42 விழுக்காடு. பொதுப் பணவீக்கம் 6.21 விழுக்காடு. ரிசர்வ் வங்கிக்கு விதிக்கப்பட்ட இலக்கு 4 விழுக்காடு; இருபுறமும் 2 விழுக்காடு வரை விலகலாம். 2023 பிப்ரவரியிலிருந்து ஈராண்டுக் காலம் ரெப்போ விகிதம் 6.50 விழுக்காட்டிலேயே நின்றதற்குச் சுட்டிக்காட்டப்பட்ட காரணங்களுள் உணவு விலையும் ஒன்று. ரெப்போவுடன் இணைந்த வீட்டுக் கடன் வைத்திருப்பவர்கள் அந்த ஈராண்டில் தக்காளிக்கு இரு முறை விலை கொடுத்தார்கள் என்றே கொள்ளலாம்: சந்தையில் ஒரு முறை, தவணையில் ஒரு முறை.

இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கும் வழிகளை நம் நாட்டின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென வகுத்து வைத்திருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் மாறுதல் பெறும் வங்கிப் பணியில் இவற்றை அண்டை வீட்டாராக இருந்து காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கிறது. காஷ்மீரில் கோடைக் காலத்திலேயே சுரைக்காயையும் கத்திரிக்காயையும் தக்காளியையும் நறுக்கிச் சரமாகக் கோத்து வெயிலில் காயவைத்துவிடுவார்கள். ஹொக் சியுன் என்று பெயர். பனியால் பாதை அடைபட்டுச் சரக்கு லாரிகள் வராத நாள்களில் அதுவே காய்கறி. அசாமில் வீட்டோடு ஒட்டிய பாரி என்னும் தோட்டத்தில் பாக்கு, வெற்றிலை, வாழை, எலுமிச்சை, கீரை எல்லாம் கலந்து நிற்கும். போகாலி, ரொங்காலி என்று அவர்கள் கொண்டாடும் பிஹு விழாக்களுள் சித்திரையில் வரும் ரொங்காலியின்போது நூற்றொரு வகைக் கீரைகளைத் திரட்டி உண்ணும் மரபு இன்றும் பேசப்படுகிறது. வங்காளத்தில் ஒரு சுரைக்காய் வாங்கினால் சதை ஒரு கறி; தோல் மெல்லியதாக நறுக்கப்பட்டு வறுவல்; கொடி கிடைத்தால் அதன் தளிரும் இலையும் தனிக் கறி. பரவற்காயின் தோலை அரைத்துத் துவையலாக்குவார்கள். வாழைப்பூவும் தண்டும் விருந்துக்குரிய பண்டங்கள். பரிமாறுபவர்கள் அதைச் சிக்கனம் என்று சொல்வதே இல்லை. ருசி என்றுதான் சொல்கிறார்கள்.

நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது குஜராத்தின் வழக்கம். அங்கே பங்குனி, சித்திரை மாதங்களில் கோதுமை அறுவடை முடிந்து புதுத் தானியம் சந்தைக்கு வரும்போது பல குடும்பங்கள் ஓராண்டுக்கு வேண்டிய கோதுமையை ஒரே முறையில் வாங்கிவிடுகின்றன. வெயிலில் உலர்த்தி, கல் பொறுக்கி, ஆமணக்கெண்ணெயைக் கையில் தொட்டுத் தானியத்தின்மீது மெல்லிய பூச்சாகத் தடவி, பெரிய தகரக் கொள்கலன்களில் கொட்டி மூடுகிறார்கள். எண்ணெய்ப் பூச்சால் வண்டு அண்டுவதில்லை. துவரம்பருப்புக்கும் இதே முறைதான். பாவ்நகர் மாவட்டத்துச் சணோசராவில் உள்ள லோக்பாரதி நிறுவனம் உருவாக்கிய லோக்-1 என்னும் ரகத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவோர் உண்டு. அந்த மாதங்களில் மாடிகளெல்லாம் தானியம் பரந்து பொன்னிறமாகக் கிடக்கும்.

இது பழக்கமா, இலாபமா? கணக்கிட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால் கீழே உள்ளவற்றை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்க. ஒரு குடும்பம் மாதம் 15 கிலோ வீதம் ஆண்டுக்கு 180 கிலோ கோதுமை உண்கிறது. அறுவடைக் கால விலை கிலோ 34 ரூபாய் என்றால் 6,120 ரூபாய். சுத்தம் செய்தல், எண்ணெய், சிறிது சேதாரம் ஆகியவற்றுக்கு 300. அரைப்புக் கூலி கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் 720. ஆக மொத்தம் 7,140 ரூபாய். பொட்டலத்தில் வரும் மாவை மாதந்தோறும் கிலோ 46 ரூபாய்க்கு வாங்கினால் 8,280 ரூபாய். வேறுபாடு 1,140 ரூபாய்.

வணிகவியல் படித்தவர்கள் இவ்விடத்தில் நிறுத்தமாட்டார்கள். முன்கூட்டியே முடக்கிய பணத்திற்கு வட்டி உண்டல்லவா? தானியம் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகப் பாதித் தொகைதான் ஆண்டு முழுதும் முடங்கியிருக்கும். அந்தப் பணம் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 3 விழுக்காடு ஈட்டியிருக்கும் என்றால் இழப்பு 92 ரூபாய். இலாபம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. 12 விழுக்காட்டில் கடன் வாங்கி வாங்கினாலும் வட்டி 367 ரூபாய்தான். ஆனால் கடனட்டையில் வாங்கி, முழுத் தொகையையும் கட்டாமல் மாதம் 3.5 விழுக்காடு வட்டியில் உருட்டிக்கொண்டு போனால் வட்டி 1,285 ரூபாய் ஆகிறது. கோதுமையில் மிச்சமான 1,140 ரூபாயும் போய், மேற்கொண்டு 145 ரூபாய் கைநட்டம். ஒரே மூட்டை, வாங்கிய பணம் எதுவோ அதைப் பொறுத்து இலாபமும் நட்டமும்.

மொத்தமாக வாங்குவதற்கு வேறு வரம்புகளும் உண்டு. மும்பையில் ஓரறை வீட்டில் குடியிருப்போர் 180 கிலோ கோதுமையை வைக்க முடியாது. கடலோர ஈரக்காற்றில் தானியம் பூசணம் பிடிக்கும். அப்படிப்பட்டவர்கள் மூன்று மாதச் சரக்கோடு நிற்பதே அறிவுடைமை. தள்ளுபடி என்பதற்காக எண்ணெயையும் மசாலாப் பொடிகளையும் ஆண்டுக் கணக்கில் அடுக்கி வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அலமாரியில் கெட்டுப்போன சரக்கை எந்தக் கணக்குப் பிள்ளையும் சொத்துப் பக்கத்தில் எழுதுவதில்லை.

அடுத்து வீட்டுத் தோட்டம். இதைப் பற்றி எழுதுவோர் பலரும் உற்சாகத்தை முன்வைக்கிறார்கள்; நாம் பற்று வரவை முன்வைப்போம். மாடியில் பன்னிரண்டு வளர்ப்புப் பைகள் வைப்பதாகக் கொள்வோம். பைகளுக்கு 600, செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றுக்கு 1,500, விதை, கருவிகளுக்கு 400 என முதலீடு 2,500 ரூபாய். அவற்றில் முளைக்கீரை, கொத்துமல்லி, புதினா, பச்சைமிளகாய், கறிவேப்பிலை வளர்த்து மாதம் 250 ரூபாய்க்கு வாங்கும் சரக்கைத் தவிர்க்கிறோம். கடுங்கோடையும் அடைமழையும் இரண்டு மாதத்தை விழுங்கினாலும் பத்து மாதத்தில் 2,500 ரூபாய். முதலாண்டு முதலும் வரவும் சரிக்குச் சரி. இரண்டாம் ஆண்டு முதல் விதைக்கும் உரத்திற்கும் 600 போக, 1,900 ரூபாய் மிஞ்சும். பெருந்தொகை அன்று என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. தானியங்கி நீர்ப்பாசனம், வண்ணத் தொட்டிகள், நிழல்வலைக் கூடாரம் என்று 20,000 ரூபாய் போட்டவர்கள் அதைப் பொழுதுபோக்குச் செலவில் எழுதிக்கொள்வது நேர்மையாக இருக்கும். அதிலும் தவறில்லை, தலைப்பு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

எதை வளர்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பையில் உருளைக்கிழங்கு நட்டால் மூன்று மாதம் அந்தப் பை அடைபட்டுக் கிடக்கும். ஒன்றரைக் கிலோ கிடைத்தால் 45 ரூபாய். அதே பையில் அதே காலத்தில் முளைக்கீரையை மூன்று முறை விதைத்து அறுக்கலாம். கிழங்கும் வெங்காயமும் நெடுந்தொலைவு வந்தும் கெடாதவை. சந்தையே அவற்றை மலிவாகத் தரும். பறித்த மறுநாளே வாடுவன, சிறிதளவே தேவைப்பட்டும் கட்டாக வாங்க வேண்டியன ஆகியவைதாம் வீட்டில் வளர்க்கத் தக்கவை. கொத்துமல்லிக் கட்டில் பாதி குளிர்பெட்டியின் அடியில் கறுத்துக் கிடப்பது எல்லா வீட்டிலும் உள்ளதே. செடியிலிருந்து நான்கு தழை கிள்ளும்போது அந்த வீணும் சேர்ந்து மிச்சமாகிறது. நிலம் உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு: ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் இரண்டு வாழையும் ஏறத்தாழச் செலவின்றியே காய்க்கும். கேரள வேளாண்மைத் துறை ஓணத்திற்கு ஒரு முறம் காய்கறி என்ற பெயரில் வீடுகளுக்கு விதை வழங்கி வருவது இந்த எண்ணத்தில்தான்.

வீட்டில் விளைந்ததைச் செலவாய்வில் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது சுவையான செய்தி. தோட்டத்துத் தக்காளியை உண்ட குடும்பத்தின் கணக்கில், அதைக் கடை விலையில் எழுதுவதில்லை. உழவர் களத்தில் விற்கும் விலையில் எழுதுகிறார்கள். இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளி பெரிது. நுகர்வோர் தக்காளிக்குத் தரும் ஒரு ரூபாயில் உழவரைச் சேர்வது ஏறத்தாழ 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் தாள்கள் 2024இல் மதிப்பிட்டன. எஞ்சியது போக்குவரத்துக்கும் கழிவுக்கும் இடைநிலை வணிகருக்கும் செல்கிறது. வீட்டுத் தோட்டம் தவிர்ப்பது பெரும்பாலும் அந்த எஞ்சிய பங்கைத்தான்.

இனி அடுப்பு. பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 1978 முதல் சொல்லிவரும் அறிவுரைகள் பழையவையானாலும் பயன் குன்றாதவை: பருப்பையும் கொண்டைக்கடலையையும் முன்கூட்டி ஊறவைத்தல், பிரஷர் குக்கரில் அடுக்கு வைத்து ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பண்டங்களை வேகவைத்தல், கொதி வந்ததும் தீயைக் குறைத்தல், மூடியிட்டுச் சமைத்தல். 14.2 கிலோ சிலிண்டர் 45 நாள் வந்துகொண்டிருந்த வீட்டில் 55 நாள் வருமானால் ஆண்டுக்கு ஒன்றரை சிலிண்டர் மிச்சம்.

ஆயினும் வெளியுணவுச் செலவைத் தீர்மானிப்பது எரிவாயுவோ விலையோ அன்று. மாலை ஏழு மணி. வேலையிலிருந்து களைத்துத் திரும்பும்போது ஊறவைத்த பருப்பு இல்லை, நறுக்கிய காய் இல்லை என்றால் விரல் தானாகவே கைபேசிச் செயலியைத் தேடும். சாப்பாட்டு விலையோடு பொதிக் கட்டணம், கொண்டுவரும் கட்டணம், செயலிக் கட்டணம், சரக்கு சேவை வரி எல்லாம் ஏறும். வீட்டில் 150 ரூபாயில் முடியும் நால்வர் உணவு 650 ரூபாயில் வந்து நிற்கும். வாரம் இரு முறை என்றால் மாதம் 4,000 ரூபாய் கூடுதல். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் குடும்பத்தோடு உணவகம் செல்வதை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அதற்கு மகிழ்ச்சியாவது கிடைக்கிறது. களைப்பினால் வரவழைத்து, தொலைக்காட்சி முன் பேச்சின்றி உண்டு முடிக்கும் பொட்டலத்தில் அதுவும் இல்லை. உங்கள் சென்ற மாதக் கணக்கறிக்கையை எடுத்து, உணவுச் செயலிகளுக்குச் சென்ற யுபிஐ வரிகளை மட்டும் கூட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். கூட்டிய பலர் ஒரு நிமிடம் அறிக்கையைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, இஞ்சி பூண்டு விழுது, ஒரு வாரத்துக்கான மாவு, முளைகட்டிய பயறு, கழுவி உலர்த்திய கீரை ஆகியவற்றை ஆயத்தம் செய்து வைத்தால் ஏழு மணிச் சிக்கல் பெரும்பாலும் தீரும். அந்த ஒன்றரை மணி நேரம் யாருடையது என்பதுதான் கேள்வி. 2024இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். வீட்டுச் சமையல் மலிவு என்று நாம் சொல்லும்போது அந்த 289 நிமிடத்திற்கு விலை போடாமல்தான் சொல்கிறோம். வேலைக்கும் சென்று வீட்டையும் பார்க்கும் பெண்ணின்மேல் தோட்டம், வடகம், மாவு, ஊறுகாய் என்று அடுக்கிக்கொண்டே போவது சிக்கனம் ஆகாது. செலவைக் குடும்பக் கணக்கிலிருந்து எடுத்து ஒருவர் கணக்கில் எழுதுவதாகும். நறுக்குவதையும் நீர் ஊற்றுவதையும் கடைக்குச் செல்வதையும் கணவரும் பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளில்தான் இந்த ஏற்பாடு மூன்றாவது மாதத்தையும் தாண்டி நிற்கிறது.

மிச்சமானது எங்கே போகிறது என்பது கடைசிக் கூறு. மாதம் 1,500 ரூபாய் மிச்சம் பிடித்தும் ஆண்டிறுதியில் எதுவும் காணவில்லை என்பார்கள். சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால் அது வேறொரு செலவாக மாறிவிடும். சம்பளம் வரவாகும் நாளுக்கு மறுநாளே தானாகக் கழியுமாறு தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டால், மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்பதற்குப் பதிலாகச் சேமித்தது போக மிஞ்சியதில் சமைக்கப் பழகுவோம். மாதம் 1,500 வீதம் ஐந்தாண்டு, ஆண்டு வட்டி 6.5 விழுக்காடு என்று கொண்டால், செலுத்திய 90,000 ரூபாய் முதிர்வில் ஏறக்குறைய 1,06,000 ஆகும். வட்டி விகிதம் கணக்குத் தொடங்கும் நாளைப் பொறுத்தது. கல்வியாண்டின் தொடக்கத்தில் பள்ளிக் கட்டணத்திற்காக நகையை அடகு வைக்க வரிசையில் நிற்கும் பெற்றோருக்கு, கட்டண மாதத்திற்கு முந்திய மாதத்தில் முதிரும்படி அமைத்த ஓராண்டுத் தொடர் வைப்பே போதுமானதாக இருக்கும். ஓராண்டில் அது 18,000 ரூபாயும் வட்டியும்.

அந்தக் கணக்கை யார் பெயரில் தொடங்குவது என்று கேட்போருக்கு எங்கள் யோசனை, வீட்டில் அடுப்பைப் பார்ப்பவர் பெயரில் அல்லது அவர் முதற்பெயராக உள்ள கூட்டுக் கணக்கில் என்பதே. வருமான வரி செலுத்துவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கணவர் தரும் பணத்தைக் கொண்டு மனைவி பெயரில் வைக்கும் வைப்பின் வட்டி, வருமான வரிச் சட்டப்படி கணவரின் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். மனைவி தம் சொந்த ஊதியத்திலிருந்து செலுத்தினால் அந்தச் சேர்ப்பு இல்லை. கணக்குத் தொடங்க ஆதார், பான் அட்டைகளும் ஒரு நிழற்படமும் கொண்டு கிளைக்கு வந்தால் போதும். நியமனதாரர் பெயரையும் அன்றே பதிந்துவிடுங்கள்.